மரியதங்கம் மதினியும் அண்ணன் வண்டியின் எஞ்சினும்

மதினி இறந்த செய்தி எனக்குக் குரங்கணியில் வைத்துத்தான் கிடைத்தது. பறித்த பச்சைக் காயை ஸ்டோருக்குள் இறக்கிக்கொண்டிருந்தோம். ஸ்டோர் என்றால் அடுப்புச் சூட்டில் ஏலக்காயைக் காயவைக்கும் அறை. போடியிலிருந்து ஏறி வந்த ஜீப்பு நிற்பதற்கு முன்பே டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அந்தோணி அண்ணே, ஒங்க மதினி போயிட்டாக. வெரசா ஏறுங்க" என்றார். "எங்க போயிட்டாக?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "காய்ச்சல் விட்டுருச்சு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காம போய்ச் சோலியப் பாருங்க" என்று காலையில் என்னை விரட்டியதே அவர்தானே? விரட்டியவர் மத்தியானத்துக்குள் இல்லை என்றால் யார் நம்புவது? ஜீப்பில் வரும் வழியெல்லாம் டிரைவரிடம், "நல்லாத் தெரியுமா, எங்க வீடுதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் பாவம், சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

காலஞ்சென்ற மரியதங்கம் அவர்கள் என் அண்ணன் சூசைமாணிக்கத்தின் மனைவி. அண்ணன் காலத்துக்குப் பிறகு போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையை நடத்தியவர். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறோம், நாலு பக்கம் எழுதிக் கொடு என்று கடைத்தெருப் பெரியவர்கள் கேட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் என்னைத் தனியே இழுத்துப் போய், "அந்த எண்ணெய்க் கதை வேண்டாமப்பா" என்று காதோடு சொன்னார். அதை விட்டுவிட்டால் எழுத என்ன இருக்கிறது? எழுதினாலோ யார் பெயரில் போய் முட்டும் என்று தெரியவில்லை. பேனாவை எடுத்ததிலிருந்து கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன். முடிவில் எங்கே வந்து நிற்கிறேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதினி தேவாரத்துக்காரர். யானை மிதித்தது போக மிச்சத்தை அறுக்கிற சம்சாரி வீடு அவர்களுடையது. ஏலக்காயைப் பாயசத்துக்கு வெளியே பார்த்திராதவர். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள், என் தகப்பனார் நல்ல சரக்கு வாங்கிவிட்ட பெருமையில் மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுவந்த மதினி அப்படியே நின்று, "மாமா, இந்தச் சாக்குக்குள்ள ஈரம் இருக்கு" என்றார். "நீ போயி சமையக்கட்டுச் சோலியப் பாரு ஆத்தா" என்றார் அப்பா. மனம் கேட்காமல் பிறகு கொட்டிப் பார்த்தார். அடியில் பாதிக்கு மேல் பூஞ்சக்காளான். அன்றிலிருந்து மதினியின் மூக்கு முகராமல் எங்கள் கடைக்குள் ஒரு மூட்டையும் வந்ததில்லை. வாயில் ஒரு காயைக்கூடப் போட்டுப் பார்க்க மாட்டார். கையில் உருட்டி, மூக்கருகே கொண்டுபோய், "சரி" அல்லது "வேணாம்" என்பார். அவ்வளவுதான். அப்பீலே கிடையாது.

அண்ணன் வேறு ரகம். அவருக்கு ஏலக்காய் சோறு போட்டது, உயிர் என்னவோ மோட்டார் வண்டியில்தான் இருந்தது. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் போட்ட உடைசல்களில் ஒரு மோட்டார் சைக்கிளின் கூட்டைப் பிடித்தார். சக்கரம் வேறொரு வண்டியினுடையது. எஞ்சின் இரண்டுக்கும் மூத்தது. மலைமேல் ஒரு துரை தன் எஸ்டேட் கொட்டகையில் போட்டு மறந்துபோனது. இதையெல்லாம் ஒன்றாகக் கோர்த்து, பக்கவாட்டில் மூட்டை வைக்க ஒரு பலகையும் மூன்றாவது சக்கரமும் சேர்த்து, அண்ணன் ஒரு வண்டி செய்தார் பாருங்கள், அந்த மாதிரி வண்டி சீமையிலும் கிடையாது, செய்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். ராசிங்காபுரம் சாலையில் முதன்முதலாக ஓட்டிக் காட்டியபோது ஒரு ஜோடி மாடு மிரண்டு வண்டியோடு வயலுக்குள் இறங்கிவிட்டது. மாட்டுக்காரரை அண்ணன் கட்டித் தழுவி நன்றி சொன்னார். முதல் ரசிகராம்.

அந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. இன்றைய வண்டிகள்போல அதுவாக எண்ணெய் எடுத்துக்கொள்ளாது. தொட்டிமேல் ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கும். ஓட்டுகிறவர் போகப்போக அதை அமுக்கி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டவேண்டும். மறந்தால் உள்ளே பிஸ்டன் காய்ந்து சூடேறி அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் விளக்கெண்ணெய்தான். பந்தய வண்டிக்காரர்களே அதைத்தான் ஊற்றுவார்கள் என்று அண்ணன் எங்கேயோ கேட்டு வந்திருந்தார். "வண்டிக்கும் அதுதான், வயித்துக்கும் அதுதான். ஒரே டின்னு, ரெண்டு சோலி" என்பார். வண்டி புறப்பட்டால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், அப்படி ஒரு வாசம் அந்தப் புகைக்கு.

இனி வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். மதுவிலக்கு வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு சொட்டுக் கிடைக்காது. போடிமெட்டு ஏறி மலையாள எல்லையைத் தாண்டினால் கிடைக்கும். ஆகவே மலையிலிருந்து இறங்குகிற ஆண்பிள்ளை எவனாக இருந்தாலும் ஊர் அவன் கண்ணைத்தான் முதலில் பார்க்கும். அண்ணனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. மறைத்தும் பார்த்தார், ஏலக்காயை வாய் நிறைய மென்றுகொண்டு வருவார். மலையில் எல்லாரும் செய்கிற வித்தைதான். மதினியிடம் பலிக்குமா? வாசலிலேயே மறித்து நிறுத்தி, "ஊதுங்க" என்பார். அண்ணன் ஊதுவார். "ஏலக்காய்க்குக் கீழ என்ன?" என்று கேட்பார். அண்ணனுக்குச் சிரிப்பும் வரும், மாட்டிக்கொண்ட மூஞ்சியும் வரும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவைமேல் கை வைத்து, "தங்கம், இனிமே மேலே போனா டீத்தண்ணிதான்" என்று சத்தியம் செய்தார். அதன்பிறகும் மதினி தினமும் ஊதச் சொன்னார். தினமும் "சரி" என்றார்.

சுதந்திரம் வந்து மூன்று வருஷமோ நாலு வருஷமோ இருக்கும், எனக்கு வருஷக் கணக்கு நிற்காது. மேலே ஒரு தோட்டத்துச் சரக்கைப் பார்க்கப் போன அண்ணன், திரும்பும்போது மலைச் சாலையின் ஒரு வளைவில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தார். எஸ்டேட் ஜீப்பில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். உயிர் வழியிலேயே போயிருந்தது. மதினி அழவில்லை. மண்டியிட்டு அண்ணனின் முகத்துக்கு மிக அருகில் குனிந்தார். முத்தமிடுகிறார் என்று நினைத்துப் பெண்கள் வாய்பொத்தி அழுதார்கள். முத்தமில்லை என்று எனக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்த பிறகு நானே கேட்டேன். "என்ன வாசம் மதினி?"

"ஏலக்கா வாசம்" என்றார்.

"அப்படின்னா?"

"தெரியலையே அந்தோணி. நாம ஏலக்காக்குள்ளேயே பொரள்றவக. சட்டையும் அதுதான், முடியும் அதுதான். அது சட்டை வாசமா, அவுக மென்ன வாசமான்னு எனக்குத் தெரியல. பெட்ரோலும் ரத்தமும் கலந்து மூக்கு அடைச்சுப்போச்சு. கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியாமப் போச்சே!" சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதார். அடக்கம் செய்த அன்று வராத அழுகை அது.

மதினிக்கு இருந்த சந்தேகம்கூட ஊருக்கு இல்லை. "மேலே போட்டுட்டு வந்து விழுந்துட்டான்" என்று ஒரே பேச்சாகப் பேசி முடித்துவிட்டார்கள். நேரில் யாரும் சொல்லவில்லை. மகள் பிலோமி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வருவாள். மதினியோ கடையில் உட்கார்ந்து மூட்டை முகர்ந்துகொண்டிருந்தார். நசுங்கிய வண்டி பின்கட்டில் ஒரு சாக்குக்குக் கீழே கிடந்தது. அதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "அதுதான கூட இருந்துச்சு. நீங்களும் நானுமா இருந்தோம்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மதினி சொல்கிற எதுவும் எனக்குச் சொன்ன உடனே விளங்கியதில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒருநாள் கடைக்கு வந்தால், அண்ணன் வண்டியின் எஞ்சின் ஏலக்காய் பொறுக்குகிற பாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் குட்டப்பன். எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கிற மலையாளத்துக்காரர். அண்ணனோடு சேர்ந்து அந்த வண்டியைக் கோர்த்தவரும் அவர்தான். "என்ன மதினி இது?" என்றேன். "வண்டி பூட்டிக்கிச்சா, இல்ல மனுசன் தள்ளாடுனாரான்னு இதுக்குத் தெரியும். பிரிச்சுப் பாக்கப்போறோம்" என்றார். எஞ்சின் இறுகிச் சக்கரத்தைப் பிடித்துத்தான் அண்ணனைத் தூக்கியெறிந்தது என்றால் அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். எஞ்சின் நன்றாக இருந்தது என்றால் அவர் காப்பாற்றவில்லை. மதினியின் கணக்கு அவ்வளவு நேரானது.

பிரித்தார்கள். ஒவ்வொரு சாமானையும் மதினி முறத்தில் வாங்கி வரிசைப்படுத்தினார், பெரிதும் சிறிதுமாக, சரக்குத் தரம் பிரிக்கிற மாதிரியே. கடையில் காய் பொறுக்குகிற பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் கல்லுப்போல இறுகியிருந்தது. மதினியின் முகம் மலர்ந்தது. "பூட்டிக்கிட்டுத்தான இருக்கு!"

குட்டப்பன் தலையைச் சொறிந்தார். "சேச்சி, இத்தன மழைக்காலம் வெளியில கிடந்ததல்லோ. துரு பிடிச்சாலும் இங்ஙனே இறுகும்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சூடுகாட்டி, மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்தார்கள். பிஸ்டனின் பக்கமெல்லாம் கீறல். "ஆ, இது சூட்டில உரசின பாடு, தழும்பு" என்றார் குட்டப்பன். மதினி நிமிர்ந்தார். குட்டப்பனுக்கு அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. "ஆனா சேச்சி, இது மும்பே ஒருக்கா பிடிச்சதாக்கும். தேவாரம் போற வழியில. சூச அண்ணனும் ஞானும் தேய்ச்சுத் திரும்ப மாட்டினோம். இந்தப் பாடு அப்போழத்ததா பின்னத்ததா, எனக்கு அறியில்லா."

நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். "சரி, அன்னைக்கே பிடிச்சதாவே இருக்கட்டும். ஏன் பிடிச்சுச்சு? எண்ணெ அடிக்காம வந்தாத்தான பிடிக்கும்? அண்ணன் எண்ணெ அடிக்க மறக்கிற ஆளா?" என்றேன். அவருக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் நினைப்பு. சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய் நிற்கிறது என்று எனக்கே புரிந்தது. எஞ்சின் நன்றாக இருந்தாலும் அண்ணன் குடித்தவர், கெட்டிருந்தாலும் அண்ணன் குடித்து எண்ணெயை மறந்தவர். குட்டப்பன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி எஞ்சினின் எண்ணெய்க் குழாயிலிருந்து பிசினாகக் காய்ந்திருந்ததைக் கொஞ்சம் சுரண்டி, விரலில் உருட்டி, முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார். "சரி" என்றும் சொல்லவில்லை, "வேணாம்" என்றும் சொல்லவில்லை. "பிரிச்சதப் பூட்டி ஓடவச்சுருங்க அண்ணே" என்று மட்டும் குட்டப்பனிடம் சொன்னார்.

பூட்டுவது லேசான காரியமா? விழுந்த வேகத்தில் எஞ்சினின் அடிக்கூடு வெடித்திருந்தது. மதுரைக்குப் பஸ்சில் கொண்டுபோய் ஒட்டவைத்தோம். பஸ்சில் மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பக்கத்திலிருந்தவர் அது என்ன அம்மி என்று கேட்டார். பழைய பிஸ்டனுக்கு இணை கிடைக்கவில்லை. வேறொரு வண்டியுடையதை வாங்கிக் கடைந்து சேர்த்தார்கள். ஒரு தடவை சேராது, திரும்ப மதுரை. இறுகும், திரும்ப மதுரை. நான் கத்தினேன். "செத்துப்போன வண்டிக்கு இத்தன வைத்தியமா?" என்றேன். "கத்துறதுக்குப் பதிலா அந்தத் திருப்புளியக் கொண்டாங்க கொழுந்தனாரே" என்றார். கோபம் வந்தால்தான் எனக்கு அந்தப் பட்டம். மற்ற நேரமெல்லாம் வெறும் அந்தோணி.

பேரிங்கை அடிக்கூட்டில் இறக்கக் கூட்டைச் சீராகச் சூடாக்க வேண்டுமென்று குட்டப்பன் சொன்னார். நெருப்பில் நேரே காட்டினால் வளைந்துபோகும், எல்லாப் பக்கமும் ஒரே சூடு வேண்டும். ஒரே சூடு எங்கே கிடைக்கும்? போடிக்காரன் மூளைக்கு வேறென்ன தோன்றும்? குரங்கணி ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்த ஏலக்காய்க்கு நடுவில் எஞ்சின் கூட்டை வைத்துக் கதவைச் சாத்தினோம். பேரிங் வெண்ணெயில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கியது. மூன்று பேரும் கையைத் தட்டிச் சிரித்தோம். மறுவாரம் அந்தச் சரக்கை வாங்க வந்த வியாபாரி ஒரு காயை மூக்கில் வைத்துவிட்டுத் திடுக்கிட்டு, "என்ன அண்ணாச்சி, ஏலக்கா பஸ்சு ஸ்டாண்டுல வெளைஞ்சுச்சா?" என்றார். பெட்ரோலும் விளக்கெண்ணெயும் ஒவ்வொரு காயிலும் ஏறியிருந்தன. ஊரிலேயே பெரிய மூக்கு வைத்திருந்தவர் கூட்டை உள்ளே வைத்த அன்றைக்கு அங்கேதான் நின்றிருந்தார்! மதினி வயிறு வலிக்கச் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். விற்க முடியாத அந்தக் காயை வெகுகாலம் எங்கள் வீட்டு டீயில் போட்டே தீர்த்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார் மதினி. குட்டப்பன் உதைத்தார். இருமியது. இன்னொருமுறை உதைத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டு டபடபவென்று இடித்தது. விளக்கெண்ணெய்ப் புகை தெருவை நிறைத்தது. என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது, அண்ணன் உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்போல இருந்தது. கூட்டம் கூடிற்று. ஊரில் யார் யார் வாயில் அண்ணன் பெயர் புரண்டதோ அத்தனை பேரும் நின்றார்கள். மதினி கடைப் படியில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். "எஞ்சினப் பிரிச்சுப் பாத்துட்டோம். அவுக குடிக்கல. எஞ்சின் பூட்டிக்கிச்சு, அதான் விழுந்தாக. ஏன் பூட்டுச்சு? அன்னைக்குக் காலையில வண்டிக்கு எண்ணெ ஊத்துனது நான். அவசரத்துல வெளக்கெண்ணெ டின்னுக்குப் பதிலா கடலெண்ணெ டின்ன எடுத்து ஊத்திட்டேன். எஞ்சின் கொழாய அடைச்சுக்கிட்டு அதுதான் காஞ்சுகெடக்கு, மோந்து பாத்தேன். தப்பு என்னுது. அவுகளப் பேசுன வாயெல்லாம் இனிமே என்னையப் பேசட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதக்கணக்கில் கூடவே இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே! குட்டப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "கடலெண்ணெயோ? ஆயிருக்கும். பழசானா எல்லாம் ஒரே பிசினாக்கும்" என்று முனகினார். ஊர் நம்பியது. மரியதங்கம் மூக்கு சொன்னால் அப்பீல் ஏது? நானும் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் கோபமும் கொண்டேன். என் அண்ணனை ஒரு கரண்டி எண்ணெயில் கொன்றுவிட்டாரே என்று அந்த வீட்டில் காப்பி குடிப்பதைக்கூடக் கொஞ்சநாள் நிறுத்தினேன்.

மதினி சொன்ன சொல் தப்பவில்லை. அண்ணனைப் பேசிய வாயெல்லாம் மதினியைப் பேசின. கிணற்றடியில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். செக்கு எண்ணெய்க் கடையில் ஒருவர், "கடலெண்ணெ சமையலுக்கா, வண்டிக்கா?" என்று கேட்டே விட்டார். மதினி அசையவில்லை. "சமையலுக்குத்தான். வண்டிக்கு வேணுங்கறப்ப ஒங்களக் கூப்ட்டு ஊத்தச் சொல்றேன்" என்றார். அண்ணனைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஊரில் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை. "சூசையா? தங்கமான மனுசன்" என்றார்கள். பிலோமி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வருவதும் நிற்கவில்லை, காரணம்தான் மாறியது.

என் கோபம் தணிந்த பிறகு ஒருநாள், அந்த வளைவைப் பார்க்கவேண்டும் என்றார் மதினி. குட்டப்பன் ஓட்ட, நான் அவர் பின்னால் உட்கார, மதினி மூட்டைப் பலகையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். எண்ணெய்ப் பம்பை வழி நெடுகிலும் அவரே எட்டி அமுக்கிக்கொண்டு வந்தார். மேலே போனதும் நான் ஒரு வளைவைக் காட்டினேன். குட்டப்பன் அதில்லை, அடுத்தது என்றார். எனக்கும் அவருக்கும் நடுரோட்டில் வாய்ச்சண்டை. மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். "மனுசன் விழுந்த எடமே ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியல. எதுக்கு விழுந்தாகன்னு ஊருக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா?

அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் வண்டியை உதைத்து ஓடவிட வேண்டும். மதினி வாசலில் நின்று அந்தப் புகையைக் கொஞ்சநேரம் வாங்கிக்கொள்வார். பிறகு, "போதும், நிறுத்துங்க" என்று உள்ளே போய்விடுவார்.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் இல்லாவிட்டாலும் உதைத்துப் பார்ப்போம் என்று போனேன். வண்டியில் எண்ணெய் வற்றியிருந்தது. சமையலறைக்குள் போனேன். அத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டும் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. டீச்சர் படிப்பு படிக்கிற பிலோமி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பிலோமி, வெளக்கெண்ணெ டின்னு எது, கடலெண்ணெ டின்னு எது? நானும் மாத்தித் தூக்கிறக் கூடாது பாரு."

"டின்னு ஒண்ணுதான் சித்தப்பா. வெளக்கெண்ணெ. கடலெண்ணெ இந்தா, ஜாடியில இருக்கு."

"எப்ப இருந்து ஜாடியில வச்சீக?"

"எப்பவுமே ஜாடிதான். அம்மா கல்யாணத்துக்குத் தேவாரத்துல இருந்து கொண்டாந்தது. இந்தா, வாய் ஒடஞ்சிருக்கு பாருங்க. அப்பா ஸ்பேனரத் தூக்கி மேல வச்சு ஒடைச்சது."

ஜாடியைப் பார்த்தேன். இடுப்பளவுப் பீங்கான் ஜாடி. அதை எடுத்து யாரும் எதிலும் மாற்றி ஊற்ற முடியாது, தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னைக்குப் படியில நின்னு அம்மா சொன்னப்பவே தெரியும். டின்னே இல்லையேம்மான்னு கேட்டேன். வாயப் பொத்துனாக. அவுக உசுரோட இருக்கறவரைக்கும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னாக."

"அப்ப அண்ணன் குடிச்சிருந்தார்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னாக சித்தப்பா. நெசமாவே தெரியாது. பிசின மோந்து பாத்தப்பவும் ஒண்ணும் தெரியலையாம். 'தெரிஞ்சிருந்தா ஒரு பக்கமாப் பேசியிருப்பேன். தெரியாதப்ப யாராவது ஒரு ஆளு சொமக்கணும்ல, செத்தவுக சொமப்பாகளா?'ன்னு கேட்டாக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எழுதுங்க. எங்கம்மா ஒண்ணும் ஊத்தல. அத மட்டுமாவது எழுதுங்க."

இதுதான் என் குழப்பம். மதினியின் பெயரைத் துடைத்தால் அண்ணன் பெயரில் பழைய கறை வந்து ஒட்டிக்கொள்ளும். அண்ணன் பெயரைக் காத்தால், அவர் மனைவி ஒரு பாவமும் அறியாமல் கொலைகாரியாகப் புதைந்து கிடப்பார். மதினி பாடுபட்டுக் கட்டியதை நான் நாலு பக்கத்தில் இடிக்கலாமா? பல நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் பெற்ற பிள்ளை கேட்டதைச் செய்கிறேன். அண்ணன் அன்றைக்குக் குடித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. எஞ்சினுக்கும் தெரியவில்லை, குட்டப்பனுக்கும் தெரியவில்லை, போடியிலேயே பெரிய மூக்குக்கும் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கும் தெரியாது, தயவுசெய்து தெரிந்ததுபோலப் பேசாதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மதினி எந்த எண்ணெயையும் மாற்றி ஊற்றவில்லை.

அன்று பிலோமியே டின்னைத் தூக்கி வந்து ஊற்றினாள். நான் உதைத்தேன். அவள் பம்பை அமுக்கினாள். தெருவெல்லாம் அந்தப் புகை. "போதும், நிறுத்துங்க" என்று சொல்ல ஆளில்லாமல், பெட்ரோல் தீருகிறவரை ஓடிவிட்டுத் தானாக நின்றது.

மதினி, நான் செய்தது தப்பென்றால் நான் நேரில் வரும்போது எத்தனை 'கொழுந்தனாரே' வேண்டுமானாலும் போட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அங்கே வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டிக்கொண்ட மூஞ்சியோடு. வழக்கம்போல முதலில் ஊதச் சொல்லுங்கள். என்ன வாசம் வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். போய் வாருங்கள்.